தேவாலா பழைய தங்கச் சுரங்கங்கள்: நீரைக் கண்காணிக்க ஊற்று போதுமா, போர்வெல் வேண்டுமா?

நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள் பழைய தங்கச் சுரங்கங்களின் வாய்கள் இன்னும் திறந்து கிடக்கின்றன. 1880-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், லண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தோடு வந்த கம்பெனிகள் குடைந்து போட்டவை ஒரு பக்கம். பிற்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக யாருக்கும் தெரியாமல் தோண்டிய குழிகள் இன்னொரு பக்கம். இவற்றுக்குக் கீழே லயன் வீடுகளும் காலனிகளும் பழங்குடிக் குடியிருப்புகளும் ஊற்றையும் கிணற்றையும் நம்பி இருக்கின்றன. அந்த நீரை முறையாகக் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு ஊராட்சியோ எஸ்டேட்டோ முடிவெடுத்தால், முதலில் வருகிற கேள்வி பணத்தை எங்கே போடுவது என்பது. இருக்கிற ஊற்றுகளிலும் கிணறுகளிலும் மாதிரி எடுக்கலாம். கண்காணிப்புக்கென்றே புதிதாகக் குழாய்க் கிணறு (போர்) போடலாம். சென்சாரை இறக்கிவிட்டுத் தரவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆலோசனை நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளில் போர்தான் முதலில் நிற்கும். சமவெளிச் சுரங்கத்துக்கு அது சரி. இந்த மலைக்கு முதல் செலவு ஊற்றுக்கும் சுரங்க வாய்க்கும் போக வேண்டும் என்பது எங்கள் முடிவு. காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

மேலே செம்மண்ணும் லேட்டரைட்டும் மக்கிய பாறையும். சில இடத்தில் 10 மீட்டர், சில இடத்தில் 30 மீட்டர்கூட. அதற்கடியில் கெட்டியான நைஸ், சார்னகைட் பாறைகள். மழைநீர் மக்கிய அடுக்கில் இறங்கி, கெட்டிப் பாறையின் மேலேயே நகர்ந்து, சரிவு ஒடிகிற இடத்தில் ஊற்றாக வெளியே வரும். மிச்சம் கொஞ்சம் பாறை வெடிப்புகளுக்குள் போகும். சுரங்கம் குடைந்த மலையில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. கிடையாகக் குடைந்த சுரங்கம், தேயிலைச் சரிவில் வெட்டிவிட்ட வடிகால் போலத்தான். சுற்று வெடிப்புகளில் இருக்கும் நீரையெல்லாம் தன் பக்கம் இழுத்து வாய் வழியே விட்டுவிடும். அதாவது அந்தச் சரிவின் நிலத்தடி நீரில் பெரும்பங்கை மலையே ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. ஆறங்குலப் போர் ஒன்று எந்த வெடிப்பைத் தொடும், எதைத் தொடாமல் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நீரில் தேட வேண்டிய மாசுகள் இரண்டு கூட்டம். தங்கம் இருக்கும் குவார்ட்ஸ் நரம்புகளில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமும் இருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது சல்ஃபேட்டாகவும் இரும்பாகவும் அமிலமாகவும் பிரியும். பைரைட்டோடு ஆர்செனிக் ஒட்டி வருவது தங்கப் பாறைகளில் வழக்கம் என்பதால் அதைத் தேடாமல் விடக்கூடாது. இது முதல் கூட்டம். இரண்டாவது பாதரசம். பாறையை இடித்துத் தூளாக்கி, பாதரசத்தில் தங்கத்தைப் பிடிப்பதுதான் அந்தக் காலத்து ஸ்டாம்ப் மில்களின் முறை. சிந்திய பாதரசம் கழிவு மணலோடு ஓடையிலும் வயலிலும் தங்கிவிடும். இந்த ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்வதால், கீழே கேரளத்தில் இருப்பவர்களுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்.

ஊற்றும் சுரங்க வாயும்

ஊற்றில் மாதிரி எடுக்க பம்ப் வேண்டாம், தேங்கிய நீரை இறைத்துக் கொட்டவும் வேண்டாம். நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் எடுக்கும் நிமிடத்து நீர்தான் பாட்டிலில் இருக்கும். இதைவிடப் பெரிய வசதி, வரத்தையும் அளக்கலாம் என்பது. சின்ன ஊற்றுக்கு ஒரு பக்கெட்டும் கடிகாரமும் போதும். சுரங்க வாய்க்கு 90 பாகை வி-நாட்ச் பலகை (வி வடிவ வெட்டுள்ள பலகை) ஒன்று வைத்துவிடுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் விநாடிக்கு சுமார் 0.77 லிட்டர், 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். உயரத்தை வெட்டுக்குப் பக்கத்தில் அளக்கக் கூடாது, அங்கே நீர்மட்டம் தணிந்திருக்கும். அரை மீட்டராவது பின்னால் ஒரு அளவுகோலை நட்டு அதில் பாருங்கள்.

வரத்து தெரியாமல் செறிவு மட்டும் தெரிந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஓர் உதாரணம்: மார்ச்சில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.02 மி.கி., வரத்து விநாடிக்கு 0.77 லிட்டர். ஜூலையில் ஆர்செனிக் 0.008 மி.கி., வரத்து 4.4 லிட்டர். ஜூலை நீர் குடிநீர் வரம்பான 0.01-க்குள் இருக்கிறது, அறிக்கையும் 'சரி' என்று வரும். ஆனால் வெளியேறும் ஆர்செனிக் மார்ச்சில் நாளுக்கு 1.3 கிராம், ஜூலையில் 3 கிராம். ஓடையில் இறங்கும் சுமை இரண்டு மடங்குக்கு மேல். போரில் மட்டும் மாதிரி எடுப்பவருக்கு இது கடைசி வரை தெரியாது.

சுரங்கத்துக்குள் மட்டும் யாரும் போகக் கூடாது. பைரைட் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே காற்று ஆளை வீழ்த்தும் அளவுக்குக் கெட்டிருக்கலாம். கூரையும் நம்ப முடியாதது. வாய்க்கு வெளியே, ஆரஞ்சு நிறச் சேறு படியத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் இடத்தில் எடுங்கள். அந்தச் சேறு வெளிக்காற்று பட்டுத் திரண்ட இரும்பு. ஆர்செனிக்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு படிந்திருக்கும். அதற்குக் கீழே எடுத்த நீர், மேலே எடுத்ததைவிடச் சுத்தமாகத் தெரியும்.

ஊற்றின் குறை ஒன்று உண்டு. அது பல வழிகளில் வந்த நீரின் கலவை. எந்தப் பக்கத்திலிருந்து கெடுதல் வருகிறது என்று சொல்லாது. கோடையில் வற்றியும் போகும்.

இருக்கிற கிணறுகள்

திறந்த கிணற்றை நம்பி முடிவெடுப்பது கடினம். 4 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் உள்ளே சுமார் 37,700 லிட்டர். அதை இறைத்துவிட்டுப் புது நீரை எடுப்பது நடக்கிற காரியமில்லை. வெயில், இலைச் சருகு, வாளிக் கயிறு, மேலிருந்து வழியும் மழைநீர் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஆனாலும் மக்கள் குடிப்பது அந்த நீர்தான். குடிநீர்ச் சோதனை என்ற அளவில் அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். சுரங்கத்தின் தாக்கத்தை நிரூபிக்கும் சாட்சியாக மட்டும் அதை நிறுத்தாதீர்கள்.

வீட்டுப் போர்களுக்கு வேறு சிக்கல். கெட்டிப் பாறை வரை கேசிங் குழாய் இறக்கி, அதற்குக் கீழே வெறும் துளையாக விட்டிருப்பார்கள். மேல் வெடிப்பு நீரும் அடி வெடிப்பு நீரும் உள்ளேயே கலந்துவிடும். 165 மி.மீ. துளை, 60 மீட்டர் ஆழம், நீர்மட்டம் 12 மீட்டர் என்றால் உள்ளே நிற்பது ஏறக்குறைய 1,030 லிட்டர். வழக்கமான மூன்று மடங்கு இறைப்பு என்றால் 3,000 லிட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 35 லிட்டர் தரும் மோட்டாரில் ஒன்றரை மணி நேரம். இதில் பாதியிலேயே கிணறு வற்றிவிடும் போர்கள் இங்கே நிறைய. துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய் வழியாக வரும் நீரில் துத்தநாகத்தையும் இரும்பையும் பார்ப்பது வீண்.

கண்காணிப்புக் குழாய்க் கிணறு

சரியாகப் போட்ட கண்காணிப்புக் குழாய்க் கிணற்றுக்கு, அதாவது பீசோமீட்டருக்கு, ஈடு இல்லை என்பதை மறுக்க முடியாது. எந்த ஆழத்து நீர், நீர்மட்டம் எவ்வளவு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற மூன்றையும் அது மட்டுமே சேர்த்துச் சொல்லும். சரியாகப் போடுவதில்தான் சிக்கல்.

நீலகிரியில் போர் போடும் ரிக் இயந்திரமும் மண்வாரி இயந்திரமும் முன் அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. அனுமதி கிடைத்தாலும் தோட்டத்துப் பாதையில் ரிக் லாரி ஏறுமா, திரும்புமா என்பது அடுத்த கேள்வி. ஏறுகிற இடத்தில் போர் போடுவதா, தேவையான இடத்தில் போடுவதா என்று வந்தால், பெரும்பாலும் லாரிதான் ஜெயிக்கும். பிறகு அந்த இடத்துக்கு ஏற்றபடி அறிக்கையில் ஒரு காரணம் எழுதப்படும்.

குறைந்தது மூன்று இடம் வேண்டும்: சுரங்கத்துக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழே உள்ள இடங்களில் இரட்டையாக, மக்கிய அடுக்கின் அடியில் முடியும் ஆழமில்லாத ஒன்றும் வெடிப்பில் நிற்கும் ஆழமான ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில். குழாய் 50 மி.மீ. பி.வி.சி. போதும், மரை போட்டு இணைப்பது நல்லது, ஒட்டும் சிமெண்ட்டில் கரைப்பான் இருக்கிறது. அடியில் 3 மீட்டர், 0.5 மி.மீ. வெட்டு உள்ள சல்லடைக் குழாய். அதைச் சுற்றி 1 முதல் 2 மி.மீ. கழுவிய குவார்ட்ஸ் பொடிக்கல், சல்லடைக்கு மேல் 60 செ.மீ. வரை. அதன் மேல் ஒரு மீட்டர் பென்டோனைட் களிமண் அடைப்பு. நனைந்து ஊறி உப்ப நேரம் கொடுத்த பிறகே மேலே சிமெண்ட் கலவை. எம்-சாண்டை நிரப்பாதீர்கள். புதிதாக உடைத்த பாறைத் தூள் நீரின் தன்மையையே மாற்றும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பென்டோனைட்டை மேலிருந்து கொட்டும்போது பாதி வழியில் ஒட்டி நின்றுவிடும். அடைப்பு போட்டதாகக் கணக்கில் இருக்கும், உள்ளே இடைவெளி இருக்கும். ஒவ்வொரு மூட்டைக்கும் டேப் இறக்கி ஆழம் பார்த்தால்தான் இது தெரியும். அடுத்தது, சிமெண்ட் கசிந்து சல்லடைக்கு இறங்குவது. இந்த மலையில் ஊற்று நீரின் பி.எச். இயல்பாகவே 6-ஐ ஒட்டி இருக்கும். புதுக் கிணற்றில் 10 அல்லது 11 காட்டினால் அது சிமெண்ட்டின் வேலை. அந்தக் கிணறு போனது போனதுதான்.

காற்றழுத்த ரிக்கில் போட்டால் கம்ப்ரசர் எண்ணெயும் காற்றும் வெடிப்புகளுக்குள் போயிருக்கும். நீர் தெளியும் வரை இறைத்து, குறைந்தது இரண்டு வாரம் விட்டுப் பிறகு முதல் மாதிரி எடுங்கள். மேல்முனையைத் தரைமட்டத்துக்குக் கீழே பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வையுங்கள். தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை யானை விட்டுவைக்காது.

அடைப்பு சரியில்லாத போரால் இன்னொரு கேடும் உண்டு. மேலே இருக்கும் கெட்ட நீர் ஆழ வெடிப்புக்கு இறங்க அதுவே வழியாகிவிடும். அரைகுறையாகப் போடுவதற்குப் போடாமல் இருப்பதே மேல்.

சென்சார்

கண்டக்டிவிட்டி (நீரின் மின்கடத்துத் திறன்), வெப்பம், நீர்மட்டம் மூன்றையும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் டேட்டா லாக்கர் கருவி ஒன்றைச் சுரங்க வாயில் வைப்பது நல்ல செலவு. கோடை முழுவதும் சுரங்கச் சுவரில் உப்பாகப் படிந்த சல்ஃபேட், தென்மேற்குப் பருவத்தின் முதல் பெருமழையில் கரைந்து ஒரேயடியாக வெளியே வரும். அது சில மணி நேரத்திலோ சில நாளிலோ முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறவர் அதைப் பிடிப்பது அதிர்ஷ்டம். லாக்கர் பிடித்துவிடும். ஆனால் என்ன உலோகம் என்று அது சொல்லாது, ஏதோ கரைந்து வருகிறது என்று மட்டும் சொல்லும்.

நிரந்தரமாக நீருக்குள் விடும் பி.எச். சென்சாருக்குப் பணம் போட வேண்டாம். ஒரு மாதத்தில் அளவு நகர்ந்துவிடும், இரும்புச் சேறு வேறு பூசிக்கொள்ளும். கண்டக்டிவிட்டி முனையையும் மாதம் ஒரு முறை மென்மையான பிரஷ்ஷால் கழுவத்தான் வேண்டும். காற்றுக் குழாய் இல்லாத நீர்மட்ட லாக்கர் என்றால் வெளியே இன்னொரு காற்றழுத்த லாக்கர் தேவை. காற்றழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் ஒரு செ.மீ. நீராகத் தெரியும்.

பாட்டிலுக்குள் போவது எப்படி

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறைவிட, எடுக்கும் முறையில் வரும் தவறு பெரியது. பீசோமீட்டரில் மூன்று வழி. கயிற்றில் இறக்கி நீர் மொள்ளும் குழாயான பெய்லர் மலிவு, ஆனால் இறக்கி ஏற்றும்போது களிமண்ணைக் கலக்கிவிடும். கலங்கிய நீரில் ஆசிட் ஊற்றினால் களிமண்ணில் இருந்த இரும்பும் ஆர்செனிக்கும் கரைந்து, இல்லாத மாசு அறிக்கையில் வரும். மெதுவாக இறைக்கும் முறை நம்பகமானது: நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி., நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்காமல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, தொடர்ந்து மூன்று முறை பி.எச். 0.1-க்குள்ளும் கண்டக்டிவிட்டி 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் பாட்டிலை நிரப்பலாம். மேலே வைத்து உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்ப், தேவாலா உயரத்தில் 7 மீட்டருக்குக் கீழிருந்து நீரைத் தூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆழமான கிணற்றுக்கு உள்ளே இறக்கும் சின்ன பம்ப் தேவை. மூன்றாவது, நீருக்குள் இறக்கி வைத்து, கலங்கல் தெளிந்த பிறகு மேலே தூக்கும்போது மட்டும் நிரம்பும் மெல்லிய பிளாஸ்டிக் பை. பம்ப்பும் பேட்டரியும் சுமந்து சரிவில் ஏற முடியாத இடத்துக்கு இதுவே எங்கள் தேர்வு. ஒரு லிட்டருக்கு மேல் கிடைக்காது என்பதால் எதை எல்லாம் சோதிப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த மலை நீரில் உப்பு மிகக் குறைவு. பி.எச். மீட்டர் அதில் மெதுவாகத்தான் நிலைக்கு வரும். அரை நிமிடத்தில் எழுதிக்கொண்டு நகர்ந்தால் 0.3, 0.5 என்று தப்பு வரும். ஐந்து நிமிடமாவது காத்திருங்கள், அட்டை ஏறினாலும். கண்டக்டிவிட்டி மீட்டரை 1413 மைக்ரோசீமன்ஸ் சரிபார்ப்புத் திரவத்தில் மட்டும் சரிபார்க்காமல் 84 மைக்ரோசீமன்ஸ் திரவத்திலும் பாருங்கள்.

உலோகங்களுக்கு 0.45 மைக்ரான் ஃபில்டரை சிரிஞ்சில் மாட்டி, முதல் 20 மி.லி.யைக் கொட்டிவிட்டு, அந்த இடத்திலேயே வடிகட்டுங்கள். 250 மி.லி. பாட்டிலுக்கு அரை மி.லி. உயர்தர நைட்ரிக் ஆசிட் விட்டால் பி.எச். 2-க்குக் கீழே போய்விடும். இதை 'ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம்' என்று விட்டால், கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் பாட்டிலுக்குள்ளேயே இரும்பு துருவாகப் படிந்து ஆர்செனிக்கையும் பிடித்துக்கொள்ளும். வடிகட்டும்போது இரண்டும் ஃபில்டரில் நின்றுவிடும், அறிக்கை சுத்தமாக வரும். சுரங்க நீரில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது.

பாதரசத்துக்குச் சாதாரண பாலித்தீன் பாட்டில் ஆகாது. கண்ணாடி அல்லது டெஃப்லான், ஆய்வகமே கொடுக்கும் பதப்படுத்தும் திரவத்தோடு. 28 நாளுக்குள் சோதனை முடிய வேண்டும். அங்கேயே சோதிக்கும் ஆர்செனிக் கிட் வைத்திருந்தால் அதன் தாளை இந்தப் பாட்டில்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், அந்தத் தாளில் இருப்பதே மெர்க்குரிக் புரோமைடு என்ற பாதரச உப்பு. நைட்ரேட் பாட்டில் ஐஸில் 48 மணி நேரத்துக்குள் போக வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாகவும், ஒன்று காய்ச்சி வடித்த நீரை அங்கேயே ஊற்றி நிரப்பியதாகவும் இருக்கட்டும்.

பாதரசம் நீரில் கரைந்து வருவது சொற்பம். மண் துகளோடு நகர்வதுதான் அதிகம். 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரத்திலும் பேச்சு முழுக்க மண்ணையும் வண்டலையும் சுற்றியே இருந்தது. அதனால் ஓடை வளைவிலும் வயலிலும் ஆண்டுக்கு ஒரு முறை வண்டல் மாதிரி எடுக்காமல் நீரை மட்டும் பார்த்துப் 'பாதரசம் இல்லை' என்று எழுதுவது தவறு. வயலின் ஆக்சிஜன் இல்லாத சேற்றில்தான் அது மீத்தைல் பாதரசமாகி மீனுக்குள் போகிறது.

ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன்னால் கண்டறியும் எல்லையைக் கேளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-ன்படி லிட்டருக்கு ஆர்செனிக் 0.01 மி.கி., பாதரசம் 0.001 மி.கி. கருவியின் எல்லையே 0.01 என்றால், 'கண்டறியப்படவில்லை' என்ற வரிக்கு மதிப்பில்லை. வரம்பில் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கக்கூடிய கருவி வேண்டும்.

தேயிலை போடும் குழப்பம்

சரிவு முழுக்கத் தேயிலை. அம்மோனியம் சல்ஃபேட் போட்டால் மண் புளிக்கும், நீரில் சல்ஃபேட் ஏறும். கொப்புள நோய்க்குத் தெளிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடில் தாமிரம், இலைவழி உரத்தில் துத்தநாகம். மண்ணுக்குப் போடும் டோலமைட் சுண்ணாம்பில் கால்சியமும் மெக்னீசியமும். இவை எல்லாம் சுரங்க நீரின் அடையாளம் போலவே தெரியும். பிரித்தறிய நைட்ரேட்டைச் சேர்த்துப் பாருங்கள்: சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் சேர்ந்து ஏறினால் உரத்தைச் சந்தேகிக்கலாம், நைட்ரேட் அசையாமல் சல்ஃபேட்டும் ஆர்செனிக்கும் ஏறினால் பாறைதான் காரணமாக இருக்கும். எஸ்டேட் ஆபீசில் உரம், மருந்து போட்ட தேதிகளை வாங்கி அதே தாளில் எழுதி வையுங்கள். ஒப்பிட, சுரங்கமே இல்லாத பக்கத்துச் சரிவில், ஆனால் அதே தேயிலை உள்ள இடத்தில், ஓர் ஊற்று அவசியம். சோலைக்குள் இருக்கும் ஊற்றை ஒப்பீட்டுக்கு எடுத்தால் உரத்தின் பழியெல்லாம் சுரங்கத்தின் தலையில் விழும்.

முதல் ஆண்டுக்கு எங்கள் பரிந்துரை: சுரங்க வாய் இரண்டு, கீழ் ஊற்று இரண்டு, ஒப்பீட்டு ஊற்று ஒன்று, மக்கள் குடிக்கும் கிணறு ஒன்று. மாதம் ஒரு முறை. ஜூனில் மழை பிடித்ததும் ஆறு வாரத்துக்கு வாரம் ஒரு முறை. பெரிய சுரங்க வாயில் ஒரு லாக்கர், ஒரு வி-நாட்ச். பீசோமீட்டருக்கான பணத்தை ஒதுக்கி வைத்துத் தொடாமல் இருங்கள். குடிக்கும் கிணற்றில் ஆர்செனிக் 0.005-ஐ இரண்டு முறை தாண்டினாலோ, சுரங்க வாய் வற்றிய பிறகும் கீழ் ஊற்றில் சல்ஃபேட் இறங்காமல் நின்றாலோ, நீர் சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வெடிப்பு வழியாகப் போகலாம் என்று பொருள். அப்போது அந்தக் கிணற்றுக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் முதல் இரட்டைக் குழாயைப் போடுங்கள். அதுவரை, மழைக்காலத்தில் ரிக் லாரியை மலைக்குக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை.